ஆர் மொழியில் வடிகட்டும்போது விடுபட்ட மதிப்புகள்: 61 சரியா, 44 சரியா?

கேள்வி: ஈசூன் தொண்டூழியர்

அனைவருக்கும் வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் மூத்தோருக்காக நடந்த உடல்நலப் பரிசோதனையில் தொண்டூழியராக இருந்தேன். அன்று திரட்டிய தரவைத் தொகுத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பெயர்களும் அடையாள அட்டை எண்களும் நீக்கப்பட்ட பிறகே கோப்பு என் கைக்கு வந்தது. மொத்தம் 240 வரிசைகள் உள்ளன. வயது, புளோக் எண், மேல் இரத்த அழுத்தம், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்கிறாரா என்ற விவரம் ஆகியவை நெடுவரிசைகள். (கட்டளைப் பெயர்களை இக்குழுவின் வழக்கப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.)

மேல் அழுத்தம் 140 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களைத் தனியாக எடுக்க, புள்ளியியல் கணிப்புக்கான ஆர் நிரல் மொழியில் முதலில் வகுப்பில் கற்றுத் தந்தபடி சதுர அடைப்புக்குறியைப் பயன்படுத்தினேன்:

தரவு[தரவு$அழுத்தம் >= 140, ]

இதற்கு 61 வரிசைகள் கிடைத்தன. பிறகு டிப்ளையர் தொகுப்பின் ஃபில்டர் கட்டளையில் அதே நிபந்தனையைக் கொடுத்தபோது 44 வரிசைகளே வந்தன. சரிபார்ப்பதற்காக 140க்குக் குறைவானவர்களையும் ஃபில்டர் மூலம் எடுத்தேன். 179 பேர் வந்தார்கள். 44ஐயும் 179ஐயும் கூட்டினால் 223தானே வருகிறது, மீதி 17 பேர் எங்கே போனார்கள் என்பது புரியவில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. முதல் முறையில் வந்த 61 வரிசைகளைத் திறந்து பார்த்தால், அவற்றில் சிலவற்றில் அழுத்தம் மட்டுமன்றி வயது, புளோக் எண் உட்பட அனைத்துமே என்ஏ என்றிருக்கின்றன. மூலக் கோப்பில் எல்லாருக்கும் வயது பதிவாகியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். எந்த எண்ணை அறிக்கையில் எழுதுவது?

மறுமொழி 1: பொங்கோல் நிரலர்

உங்கள் கோப்பில் 17 பேருக்கு அழுத்த அளவு பதிவாகவில்லை. இரண்டு கட்டளைகளும் அந்த 17 பேரை வெவ்வேறு விதமாக நடத்துகின்றன. குழப்பம் முழுவதும் அவ்வளவுதான்.

ஆர் மொழியில் என்ஏ என்பது பூஜ்யமும் அன்று, வெற்றிடமும் அன்று. “ஒரு மதிப்பு இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரியாது” என்பதே அதன் பொருள். தெரியாத ஓர் எண் 140ஐவிடப் பெரியதா என்று கேட்டால், நேர்மையான பதில் “தெரியாது” என்பதுதான். ஆகவே என்ஏ >= 140 என்ற ஒப்பீட்டின் விடை உண்மை, பொய் ஆகிய இரண்டும் அன்றி மூன்றாவதாக என்ஏ என்றே வருகிறது. என்ஏ == என்ஏ என்று கேட்டாலும் விடை என்ஏ தான், ஏனெனில் தெரியாத இரண்டு எண்கள் ஒன்றா என்பதும் தெரியாது. இதை அறியாமல், விடுபட்டவற்றைத் தேட அழுத்தம் == என்ஏ என்று ஃபில்டரில் எழுதி, ஒரு வரிசைகூட வராததைக் கண்டு “நம் தரவில் விடுபட்டது ஒன்றுமில்லை” என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன். தேட வேண்டிய முறை இஸ்.என்ஏ(அழுத்தம்) என்பதாகும்.

சதுர அடைப்புக்குறிக்குள் உண்மை என்று வந்தால் அந்த வரிசை எடுக்கப்படும். பொய் என்று வந்தால் விடப்படும். என்ஏ என்று வந்தால், “எந்த வரிசை வேண்டும் என்றே தெரியவில்லை” என்று ஆர் கருதி, எல்லா நெடுவரிசைகளிலும் என்ஏ நிரம்பிய ஒரு போலி வரிசையைத் தருகிறது. நீங்கள் பார்த்த வயதில்லாத, புளோக் எண்ணில்லாத ஆவிகள் அவைதாம். வரிசைப் பெயர்களைப் பாருங்கள்: என்ஏ, என்ஏ.1, என்ஏ.2 என்று ஓடும். ஃபில்டர் கட்டளையும் அடிப்படை ஆரிலேயே உள்ள சப்செட் கட்டளையும் உண்மை என்று உறுதியானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஓசையின்றி விட்டுவிடுகின்றன.

யாரும் தம் கணினியிலேயே சரிபார்த்துக்கொள்ள, ஆருடன் வரும் ஏர்குவாலிட்டி என்ற மாதிரித் தரவு போதும். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுக்கப்பட்ட 153 நாள் காற்றுத்தர அளவுகள் அதில் உள்ளன. ஓசோன் நெடுவரிசையில் 37 நாள்களுக்கு மதிப்பு இல்லை. ஓசோன் > 100 என்று ஃபில்டர் செய்தால் 7 வரிசைகள் வரும். சதுர அடைப்பில் 44 வரும். ஓசோன் <= 100 என்று ஃபில்டர் செய்தால் 109. நிபந்தனையை மறுத்து !(ஓசோன் > 100) என்று எழுதினாலும் அதே 109தான், ஏனெனில் “தெரியாது” என்பதன் மறுப்பும் “தெரியாது” என்பதே.

ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். என்ஏ தொட்டதெல்லாம் என்ஏ ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியன்று. வயது >= 60 & அழுத்தம் >= 140 என்ற நிபந்தனையில், 52 வயதுக்காரர் ஒருவரின் அழுத்தம் விடுபட்டிருந்தால் விடை பொய் என்றே வரும்; அவருடைய அழுத்தம் எதுவாக இருந்தாலும் முதல் பாதியே அவரை விலக்கிவிடுகிறது. அதே அழுத்தம் 70 வயதுக்காரருக்கு விடுபட்டிருந்தால்தான் என்ஏ வரும். “அல்லது” என்ற | குறியில் இது தலைகீழாக நடக்கும்: ஒரு பக்கம் உண்மையாகிவிட்டால் மறுபக்கம் தெரியாமற்போனாலும் விடை உண்மையே.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: 44 பேருக்கு 140 அல்லது அதற்கு மேல் என்று உறுதியாகத் தெரியும். 61 என்பது எதையும் குறிக்காத எண், அதை எழுதாதீர்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற புள்ளியியலாளர்

பொங்கோல் நண்பர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் தம்பி, “44 என்று எழுதிவிட்டுப் போய்விடுங்கள்” என்ற அளவில் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் பணியில் இருந்த காலத்தில் பெரும்பாலும் சாஸ் மென்பொருளிலும், சில ஆண்டுகள் ஸ்டேட்டாவிலும் வேலை செய்தேன். உங்கள் கோப்பை அவற்றில் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? சாஸ் மென்பொருளில் விடுபட்ட எண் எந்த எண்ணையும்விடச் சிறியது. ஆகவே அங்கே “140க்குக் குறைவு” என்று கேட்டால், அளக்கப்படாத 17 பேரும் நல்ல அழுத்தம் உடையவர்களாகக் கணக்கில் சேர்ந்து 196 வரும். ஸ்டேட்டாவில் விடுபட்ட எண் எந்த எண்ணையும்விடப் பெரியது. அங்கே “140 அல்லது அதற்கு மேல்” என்று கேட்டால் அதே 17 பேரும் நோயாளிகளாகி 61 வரும். பொங்கோல் நண்பர் எதையும் குறிக்காத எண் என்றாரே, அதே 61 ஸ்டேட்டாவில் வயதும் புளோக் எண்ணும் முழுமையாக உள்ள மனிதர்களாகவே வந்து நிற்கும். ஆவி வரிசை போன்ற எச்சரிக்கைகூடக் கிடையாது. பைத்தானின் பாண்டாஸில் வழக்கமான தசம எண் நெடுவரிசையாக இருந்தால், “எண் அன்று” என்பதன் ஆங்கிலச் சுருக்கமான “நான்” என்ற விடுபட்ட மதிப்பு ஓர் எண்ணைவிடப் பெரியதா, சிறியதா, அதற்குச் சமமா என்று எப்படிக் கேட்டாலும் பொய் என்றே வரும். எனவே >= 140 என்றால் 44, < 140 என்றால் 179. ஆனால் முதல் நிபந்தனையை மறுத்து எழுதினால் 196 வந்து நிற்கும். குறைவு என்பதும், அதிகம் என்பதன் மறுப்பும் அங்கே ஒன்றல்ல. தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல் மொழியில், ஆங்கிலத்தில் “எங்கே” எனப் பொருள்படும் “வேர்” நிபந்தனை ஃபில்டரைப் போலவே உறுதியானவற்றை மட்டும் தரும். அதே மொழியில் அட்டவணைக்கு இடும் செக் கட்டுப்பாடோ “தெரியாது” என்பதை உள்ளே விட்டுவிடும். எக்செல்லில் வெற்றுக் கட்டம் ஒன்றை நேரடியாக 140உடன் ஒப்பிட்டால் அது பூஜ்யமாகக் கருதப்பட்டு “குறைவு” என்றாகும். கவுன்ட்இஃப் கட்டளையோ அதே வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது.

இவ்வளவையும் அடுக்கியதற்குக் காரணம், விடுபட்டவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்ற முடிவை ஒவ்வொரு மென்பொருளும் உங்களைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது என்பதைக் காட்டத்தான். அந்த முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 240 பேரில் 44 என்றால் 18.3 விழுக்காடு. அளக்கப்பட்ட 223 பேரில் 44 என்றால் 19.7 விழுக்காடு. முதல் விழுக்காட்டை எழுதும்போது, அளக்கப்படாத 17 பேருக்கும் அழுத்தம் இயல்பாக இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். இரண்டாவதில், அந்த 17 பேரும் மற்றவர்களைப் போன்றவர்களே என்று கருதிக்கொள்கிறீர்கள். ஒருவேளை 17 பேருக்குமே 140க்கு மேல் இருந்திருந்தால் 25.4 விழுக்காடு ஆகிவிடும். 18.3க்கும் 25.4க்கும் இடையில் உண்மை எங்கோ இருக்கிறது. எங்கே என்பதைத் தெரிந்துகொள்ள, அவர்கள் ஏன் அளக்கப்படவில்லை என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். டொனால்ட் ரூபின் 1976இல் எழுதிய கட்டுரை விடுபடுதலைப் பற்றி வைத்த கேள்வியும் இதுவே: மதிப்பு விடுபட்டதற்கும் அந்த மதிப்புக்கும் தொடர்பு உண்டா? கருவியில் மின்கலம் தீர்ந்ததால் விடுபட்டிருந்தால் கவலை குறைவு. கைப்பட்டை பருத்த கைகளுக்குப் போதாததால் விடுபட்டிருந்தால், உடல் பருமனும் உயர் அழுத்தமும் சேர்ந்து வருபவை என்பதால், நீங்கள் விட்டுவிட்ட 17 பேரில் உயர் அழுத்தக்காரர்கள் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

மறுமொழி 3: ஜூரோங் தரவுப் பிரியர்

இவ்வளவு சிக்கல் எதற்கு? கோப்பைப் படித்தவுடன் என்ஏ.ஒமிட் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டால், விடுபட்ட மதிப்பு உள்ள வரிசைகள் அனைத்தும் நீங்கிவிடும். பிறகு எந்த வடிகட்டியும் குழப்பாது. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற புள்ளியியலாளர்

ஜூரோங் நண்பருக்கு: அந்தக் கட்டளை எந்த நெடுவரிசையில் விடுபட்டிருந்தாலும் முழு வரிசையையும் எறிந்துவிடும். மேலே சொன்ன ஏர்குவாலிட்டி தரவிலேயே ஓட்டிப் பாருங்கள். 153 வரிசைகள் 111 ஆகிவிடும். ஓசோன் விடுபட்ட நாள்கள் 37 மட்டுமே. சூரியக் கதிர்வீச்சு அளவு இல்லை என்பதற்காக மட்டும், ஓசோன் நன்றாகப் பதிவான 5 நாள்களையும் சேர்த்து இழக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கோ கதிர்வீச்சு தேவையே இல்லை. புளோக் எண் எழுத மறந்த ஒருவரின் இரத்த அழுத்தத்தை எறிய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நீக்கியே தீர வேண்டும் என்றால், டிராப்_என்ஏ கட்டளையில் குறிப்பிட்ட நெடுவரிசையின் பெயரைக் கொடுத்து நீக்குங்கள். எத்தனை நீக்கினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

மறுமொழி 5: ஈசூன் தொண்டூழியர்

ஐயா அவர்களுக்கும் பொங்கோல் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. அன்று பதிவு மேசையில் இருந்த தொண்டூழியர்களிடம் கேட்டேன். காகிதப் படிவங்களின் ஓரத்தில் குறிப்புகள் இருந்தன. 17 பேரில் 11 பேருக்குக் கைப்பட்டை போதவில்லை. பெரிய அளவுப் பட்டை அன்று எங்களிடம் இல்லை. மீதி 6 பேர் வரிசை நீளமாக இருந்ததால் காத்திருக்காமல் போய்விட்டார்கள். ஐயா ஊகித்தது அப்படியே நடந்திருக்கிறது.

ஆனால் இன்னொரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். உயர் அழுத்தம் உள்ள 44 பேரில் மருந்து உட்கொள்ளாதவர்களை எடுக்க, ஃபில்டரில் மருந்து != "ஆம்" என்று கொடுத்தேன். என் கணினியில் 25 வந்தது. என் தோழி அதே கோப்பை, அதே ஃபில்டர் வரியோடு ஓட்டினால் 20 வருகிறது. படிவங்களை எண்ணிப் பார்த்ததில் ஆம் 19, இல்லை 20, எழுதப்படாதவை 5. நான் கோப்பைப் படிக்க ரீட்.சிஎஸ்வி பயன்படுத்தினேன், அவள் ரீட்ஆர் தொகுப்பின் ரீட்_சிஎஸ்வி பயன்படுத்தினாள். வேறு வேறுபாடு எதுவும் இல்லை.

மறுமொழி 6: தெம்பனிஸ் தரவு மேசை

வேறுபாடு அந்தப் புள்ளியிலும் அடிக்கோட்டிலும்தான் இருக்கிறது. ரீட்.சிஎஸ்வி எண் நெடுவரிசையில் காணும் வெற்றுக் கட்டத்தை என்ஏ ஆக்கும். எழுத்து நெடுவரிசையில் காணும் வெற்றுக் கட்டத்தை, நீளம் பூஜ்யமான ஒரு வெற்றுச் சொல்லாகவே விட்டுவிடும். வெற்றுச் சொல் என்பது “தெரியாது” அன்று. அது “ஆம்” என்ற சொல்லுக்குச் சமமில்லாத ஒரு சொல். ஆகவே உங்கள் கணினியில் அந்த 5 பேரும் மருந்து உட்கொள்ளாதவர்களாக உள்ளே வந்துவிட்டார்கள். உங்கள் தோழியின் கட்டளை இரண்டு வகை வெற்றுக் கட்டங்களையும் என்ஏ ஆக்கியதால், ஃபில்டர் அவர்களை வெளியே தள்ளிவிட்டது. ரீட்.சிஎஸ்வி கட்டளையில் என்ஏ.ஸ்டிரிங்ஸ் என்ற அளபுருவுக்கு வெற்றுச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் இருவருக்கும் ஒரே விடை வரும்.

அந்த 5 பேரும் வேண்டும் என்று நீங்கள் தெரிந்தே முடிவெடுத்தால், மருந்து != "ஆம்" | இஸ்.என்ஏ(மருந்து) என்று எழுதுங்கள். இதனுடன் வயது நிபந்தனையையும் & குறியால் சேர்ப்பதானால், இந்த இரண்டையும் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் வையுங்கள்; ஆரில் & குறி | குறியைவிட இறுக்கமாகப் பிணைக்கும் என்பதால், அடைப்பின்றி எழுதினால் வயது நிபந்தனை ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். இன்னொரு வழி !(மருந்து %இன்% "ஆம்") என்பதாகும். %இன்% எப்போதும் உண்மை அல்லது பொய்யையே தரும், என்ஏ தராது. எனவே விடுபட்டவர்களும் உள்ளே இருப்பார்கள். சுருக்கமாக இருப்பது நல்லதுதான், ஆனால் ஆறு மாதம் கழித்து இந்த வரியைப் படிப்பவருக்கு விடுபட்டவர்களைத் தெரிந்தே சேர்த்தீர்களா என்பது விளங்காது. நான் முதல் வடிவத்தையே எழுதுவேன்.

கோப்பைப் படிக்கும் இடத்தில் இன்னும் மோசமான ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரையாடல் முழுமையாகாது. அழுத்த நெடுவரிசையில் யாராவது ஒருவர் வெற்றிடமாக விடாமல் “இல்லை” என்றோ ஒரு சிறு கோடோ போட்டிருந்தால், ரீட்.சிஎஸ்வி அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகப் படித்துவிடும். அதன் பிறகு >= 140 என்று ஒப்பிட்டால் ஆர் பிழை காட்டாது; 140ஐயும் சொல்லாக மாற்றி, அகராதி வரிசைப்படி ஒப்பிடும். அந்த வரிசையில் 9 என்ற எழுத்து 1க்குப் பின் வருவதால், 98 என்ற அழுத்தம் 140ஐவிடப் பெரியதாகிவிடும்! “இல்லை” என்ற சொல்லும் அவ்வாறே பெரியதாகிவிடும். வடிகட்டும் முன் எஸ்டிஆர் கட்டளையை ஓட்டி, எண் நெடுவரிசை எண்ணாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அளக்க முடியாதவர்களுக்கு 999 என்று எழுதும் பழக்கம் உள்ள இடங்களில் சம்மரி கட்டளையின் உச்ச மதிப்பையும் பாருங்கள். 999 எந்த வடிகட்டியிலும் உயர் அழுத்தமாகத்தான் வரும், அதை என்ஏ என்று எந்த மென்பொருளும் தானாக அறியாது. மழை அளவுப் பதிவுகளிலும் இதே தொல்லைதான்: மழை பெய்யாத நாளின் பூஜ்யமும் மானி பழுதான நாளின் கோடும் ஒரே நெடுவரிசையில் இருக்கும். கோட்டைப் பூஜ்யமாக்கிவிட்டால் வறண்ட நாள்கள் பெருகிவிடும்.

மறுமொழி 7: பொங்கோல் நிரலர்

சதுர அடைப்பையே விரும்புகிறவர்கள் நிபந்தனையை விச் கட்டளைக்குள் வைக்கலாம். அது உண்மையான இடங்களின் வரிசை எண்களை மட்டும் தருவதால் ஆவி வரிசைகள் வராது. ஆனால் அதன் முன் கழித்தல் குறி போட்டு “இவர்களைத் தவிர மற்றவர்கள்” என்று எழுதிவிடாதீர்கள். நிபந்தனைக்கு ஒருவர்கூடப் பொருந்தாத நாளில் விச் வெறுமையைத் தரும். வெறுமையைக் கழித்தால் அதுவும் வெறுமையே என்பதால், எல்லாரும் மிஞ்சுவதற்குப் பதிலாக ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். சோதனைத் தரவில் நன்றாக ஓடிய நிரல் ஒரு நல்ல நாளில் பூஜ்யம் காட்டும்போதுதான் இது தெரியவரும்.

எண்ணிக்கை அட்டவணைக்கு டேபிள் கட்டளையைப் பயன்படுத்தினால் யூஸ்என்ஏ என்ற அளபுருவுக்கு "ஆல்வேஸ்" என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்த அட்டவணையிலும் 17 பேர் மறைந்துவிடுவார்கள்.

மறுமொழி 8: ஈசூன் தொண்டூழியர்

தெம்பனிஸ் நண்பர் சொன்னபடி என்ஏ.ஸ்டிரிங்ஸ் மாற்றியதும் இருவருக்கும் 20 வந்துவிட்டது. அறிக்கையின் அட்டவணையை இப்படி அமைத்திருக்கிறேன்: பரிசோதனைக்கு வந்தோர் 240, அளக்கப்பட்டோர் 223, 140 அல்லது அதற்கு மேல் 44, 140க்குக் குறைவு 179, அளக்கப்படாதோர் 17, இவர்களில் கைப்பட்டை போதாதோர் 11, காத்திராமல் சென்றோர் 6. விழுக்காடாக 19.7 என்று எழுதி, அது 223 பேருக்கானது என்றும், விடுபட்டவர்களைக் கொண்டு பார்த்தால் 18.3 முதல் 25.4 வரை இருக்கலாம் என்றும் கீழே குறித்திருக்கிறேன். உயர் அழுத்தம் உள்ள 44 பேரை மருந்து ஆம் 19, இல்லை 20, பதிவில்லை 5 என்று மூன்றாகவே காட்டியிருக்கிறேன்.

வரைவைப் பார்த்த ஏற்பாட்டாளர், அடுத்த பரிசோதனைக்குப் பெரிய கைப்பட்டைகள் இரண்டு வாங்கச் சொல்லிவிட்டார். அந்த 11 பேரின் புளோக்குகளில் அறிவிப்பு ஒட்டி, அவர்களை மறுபடியும் அழைக்கப் போகிறோம்.